எடை குறைந்த கார்பன் பேரல் வேட்டை ரைஃபிள்: எதை முதலில், எதைக் கடைசியில் முடிவு செய்வது

கார்பன் பேரல் ரைஃபிள் (குழலின்மேல் கார்பன் இழை சுற்றிய துப்பாக்கி) வாங்க வரும் புதியவர்களில் பெரும்பாலோர் பேரலிலிருந்துதான் தொடங்குகிறார்கள். கடையில் ரைஃபிளைத் தூக்கிப் பார்த்ததும் அது லேசாக இருப்பது பிடித்துப்போய், அங்கேயே பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். அதன்பின் பெரிய ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி), பைபாட் (இருகால் தாங்கி), சஃப்ரஸர் (ஓசையைக் குறைக்கும் குழாய்) என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து, சாதாரண எஃகு ரைஃபிளைவிடக் கனமான ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு மலையேறுகிறார்கள். வேறு சிலர் மிக லேசான ரைஃபிளில் மிகப் பெரிய தோட்டாவைத் தேர்ந்தெடுத்துவிட்டு, சுடுவதற்கே அஞ்சும் நிலைக்கு வந்துவிடுகிறார்கள். கடைசியில் எடுக்க வேண்டிய முடிவை முதலில் எடுப்பதுதான் இரண்டுக்கும் காரணம்.

கொலராடோ, மொன்டானா, வயோமிங், ஐடஹோ ஆகிய அமெரிக்க மாநிலங்களின் ராக்கி மலைகளில் எல்க் (பெரிய மான் இனம்), மியூல் மான் வேட்டைக்குச் செல்பவருக்கான போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளை, அதாவது ஒவ்வொரு சூட்டுக்கும் கையால் போல்ட்டை இழுத்துத் தோட்டா ஏற்றும் வகையை, மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். அங்கே ஒன்பதாயிரம் அடிக்கு மேல் நாள் முழுக்க ஏறி இறங்க வேண்டியிருப்பதால், அரைக் கிலோ எடைக்கும் பொருள் உண்டு.

1. கடைக்குப் போகுமுன் உரிமம்

முதல் வேலை சட்டம் சார்ந்தது. கொலராடோவில் 1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்த எவரும் வேட்டை உரிமம் வாங்க, வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சியை முடித்த சான்று வைத்திருக்க வேண்டும். அந்த வகுப்பைப் பருவத்துக்குப் பல மாதங்கள் முன்பே முடித்துவிடுவது நல்லது; பருவம் நெருங்க நெருங்க இடம் கிடைப்பது கடினம்.

எச்-1பி, எஃப்-1 போன்ற குடியேற்றம் சாராத விசாவில் இருக்கும் நம்மவர்கள் இந்தப் படியைத் தாண்டிச் செல்லவே கூடாது. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் இவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதைப் பொதுவாகத் தடை செய்கிறது. ஏதேனும் ஒரு மாநிலம் வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் வைத்திருப்பது அத்தடைக்கான விலக்குகளில் ஒன்று. ஆகவே உரிமம் முதலில், துப்பாக்கி பிறகு. உரிமத்தின் காலம் முடிந்தால் அந்த விலக்கும் முடிந்துவிடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. சந்தேகம் இருந்தால் வழக்கறிஞரிடம் கேட்டுத் தெளிவு பெற்ற பின்னரே வாங்குங்கள். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இத்தகைய வேட்டைக்கு இடமில்லை. விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது துப்பாக்கியையோ அதன் உதிரிப் பாகங்களையோ பெட்டியில் வைத்துவிடாதீர்கள்.

ரைஃபிளுக்கான மாநில விதிகளையும் இப்போதே படித்துவிடுங்கள். கொலராடோவில் பெரிய விலங்குகளுக்கான ரைஃபிள் குறைந்தது 6 மில்லிமீட்டர் துளை உடையதாக இருக்க வேண்டும். எல்க்குக்குக் குண்டின் எடை 85 கிரெயினுக்கு (சுமார் 5.5 கிராம்) குறையக் கூடாது. அது விரியும் வகைக் குண்டாகவும், 100 கெஜத்தில் 1,000 அடி-பவுண்டு ஆற்றல் உடையதாகவும் இருக்க வேண்டும்.

2. விலங்கும் தூரமும் தீர்மானிக்கும் தோட்டா

தோட்டாவை முடிவு செய்யாமல் ரைஃபிளின் எடையை முடிவு செய்ய முடியாது, ஏனெனில் இரண்டும் சேர்ந்துதான் உங்கள் தோளில் விழும் பின்னுதைப்பைத் தீர்மானிக்கின்றன. ஒரே தோட்டாவுக்குப் பின்னுதைப்பின் ஆற்றல் ரைஃபிளின் எடைக்கு எதிர்விகிதத்தில் மாறும். 8 பவுண்டு ரைஃபிளை 6 பவுண்டாகக் குறைத்தால் பின்னுதைப்பு மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது.

ஓர் ஒப்பீடு சொல்கிறேன். மொத்தம் 7 பவுண்டு, அதாவது சுமார் 3.2 கிலோ எடையுள்ள ரைஃபிளில் 6.5 க்ரீட்மோர் தோட்டாவின் பின்னுதைப்பு ஏறத்தாழ 15 அடி-பவுண்டு. அதே ரைஃபிளில் 7 மில்லிமீட்டர் பி.ஆர்.சி. தோட்டா அதைப்போல இரு மடங்கு உதைக்கும். முன்னதைக் கொண்டு ஒரு மாலை முழுவதும் பயிற்சி செய்யலாம். பின்னதில் பத்துத் தோட்டாக்களுக்குள்ளாகவே பெரும்பாலான புதியவர்கள் விசையை இழுக்கும் நொடியில் கண்ணை மூடத் தொடங்குகிறார்கள், அதை அவர்கள் உணர்வதும் இல்லை.

300 கெஜத்துக்குள் மான் வேட்டை என்றால் 6.5 க்ரீட்மோர், 7 மில்லிமீட்டர்-08, 308 வின்செஸ்டர் ஆகியவற்றில் ஒன்று போதும். அந்தத் தூரத்தில் நல்ல குண்டோடு எல்க்குக்கும் இவை உதவும். எல்க்கை 400 கெஜம் வரை நம்பிக்கையோடு சுட வேண்டுமானால் 6.5 பி.ஆர்.சி., 280 ஆக்லி இம்ப்ரூவ்டு, 7 மில்லிமீட்டர் பி.ஆர்.சி. என்று மேலே போகலாம். 300 வின்செஸ்டர் மேக்னத்தை லேசான ரைஃபிளில் முதல் துப்பாக்கியாக வாங்குவதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. சிறிய தோட்டாவைச் சரியான இடத்தில் பாய்ச்சுவது, பெரிய தோட்டாவைத் தவறான இடத்தில் பாய்ச்சுவதைவிட விலங்குக்குச் செய்யும் நியாயம்.

3. மொத்த எடையைத் தாளில் எழுதுங்கள்

விளம்பரத்தில் காணும் எடை வெற்று ரைஃபிளுடையது. நீங்கள் சுமப்பது அதையல்ல. ஒரு தாளை எடுத்து, மலையில் தோளில் தொங்கப்போகும் ஒவ்வொன்றையும் எழுதிக் கூட்டுங்கள். புதியவர்கள் மிகுதியாகத் தவறவிடும் படி இதுவே என்பதால், ஓர் உதாரணத்தை முழுமையாகத் தருகிறேன்.

கிறிஸ்டென்சன் ஆர்ம்ஸ் ரிட்ஜ்லைன் ரைஃபிளின் அறிவிக்கப்பட்ட தொடக்க எடை 6.3 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 2.86 கிலோ. அதன்மேல் லூப்போல்டு மார்க் 5 எச்.டி. 3.6-18 ஸ்கோப் வைத்தால் 740 கிராம் சேரும். அதைத் தாங்கும் ரிங், பேஸ் இரண்டும் சேர்ந்து 150 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். சஃப்ரஸர் 400 கிராம், பைபாட் 350 கிராம், தோளில் மாட்டும் வார் 120 கிராம், நான்கு தோட்டாக்கள் 100 கிராம். கூட்டிப் பார்த்தால் 4.7 கிலோவைத் தாண்டுகிறது. லேசான ரைஃபிள் என்று நம்பி வாங்கியவர் 10 பவுண்டுக்கு மேல் சுமக்கிறார்.

அதே ரைஃபிளில் 370 கிராம் அளவுள்ள 3.5-10 ஸ்கோப்பை வைத்து, பைபாடையும் சஃப்ரஸரையும் விட்டுவிட்டு, முதுகுப்பையின்மேல் சாய்த்துச் சுடப் பழகினால் மொத்தம் 3.6 கிலோவில் நிற்கும். ஒரு பைசா செலவில்லாமல் குறைந்த இந்த ஒரு கிலோவுக்கு மேலான எடையை, எந்தப் பேரலை மாற்றினாலும் குறைப்பது அரிது.

அனைத்தும் சேர்ந்து 3.2 முதல் 3.6 கிலோ வரை என்பதே பெரும்பாலோருக்குப் பொருந்தும் அளவு என்பது என் கணிப்பு. அதற்கும் கீழே போனால், மேல்மூச்சு வாங்கும் நிலையில் உட்கார்ந்து குறிபார்க்கும்போது ஒவ்வோர் இதயத் துடிப்புக்கும் ஸ்கோப்பின் குறிக்கோடு விலங்கின் உடலில் அலைவதைக் காண்பீர்கள். எடைக்கு நடையில் ஒரு விலை உண்டு என்றால், எடையின்மைக்குக் குறியில் ஒரு விலை உண்டு.

4. கார்பன் பேரல் உண்மையில் எதைத் தருகிறது

இப்போதுதான் பேரலுக்கு வருகிறோம். கார்பன் பேரல் என்பது முழுவதும் கார்பனால் ஆனது அன்று. உள்ளே குண்டு ஓடும் துளையும் குண்டைச் சுழலவைக்கும் வரிப்பள்ளங்களும் 416ஆர் போன்ற துருப்பிடிக்காத எஃகில்தான் இருக்கின்றன. அந்த எஃகுக் குழலின் வெளிப்புறத்தைக் கடைந்து மெலிதாக்கி, அதன்மேல் பிசினில் தோய்ந்த கார்பன் இழைகளைச் சுற்றி இறுகச் செய்கிறார்கள். மொன்டானாவின் புரூஃப் ரிசர்ச், யூட்டாவின் கிறிஸ்டென்சன் ஆர்ம்ஸ் ஆகியவை இம்முறையில் செய்கின்றன. பி.எஸ்.எஃப். நிறுவனத்தின் முறை வேறு: மெல்லிய எஃகுக் குழலின்மேல் கார்பன் உறையைச் செருகி, இரு முனைகளிலும் இழுவிசையோடு பூட்டுகிறார்கள், உறைக்கும் எஃகுக்கும் இடையே பெரும்பகுதி நீளத்துக்குக் காற்று இடைவெளி இருக்கும்.

இதன் பயனைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். 24 அங்குலத் தடித்த எஃகுப் பேரல் 2 கிலோவைத் தாண்டும். அதே வெளித் தடிமனில் கார்பன் சுற்றிய பேரல் 1.2 முதல் 1.4 கிலோ வரை இருக்கும். ஆனால் மெல்லிய வேட்டை எஃகுப் பேரலின் எடையும் கிட்டத்தட்ட அதே அளவுதான், சில வேளைகளில் அதைவிடக் குறைவு. எஃகுப் பேரல் கொண்ட கிம்பர் மவுண்டன் அசென்ட் ரைஃபிளின் வெற்று எடை 4 பவுண்டு 13 அவுன்ஸ், அதாவது சுமார் 2.2 கிலோ, கார்பன் பேரல் ரைஃபிள்களில் பல இதைவிடக் கனமானவை.

ஆகவே மிகக் குறைந்த எடை மட்டுமே உங்கள் நோக்கமானால், கார்பன் பேரல் உங்களுக்குத் தேவையில்லை. மெல்லிய பேரலின் எடையில் தடித்த பேரலின் விறைப்பு வேண்டும் என்றால், முக்கியமாக முகவாயில் (பேரலின் முனையில்) சஃப்ரஸரைத் தொங்கவிடப்போகிறீர்கள் என்றால், அப்போது இதற்குக் கொடுக்கும் கூடுதல் பணம் பொருளுடையது. பேரல் விறைப்பாக இருந்தால் சுடும்போது ஏற்படும் அதிர்வு குறையும். முனையில் பளு சேர்ந்தாலும் குண்டு விழும் இடம் அதிகம் நகராது.

வெப்பம் பற்றிய பேச்சில் கவனம் தேவை. கார்பன் பேரல் சீக்கிரம் ஆறும் என்ற கூற்றை விற்பனைப் பேச்சாக மட்டுமே எடுத்துக்கொள்ளுங்கள். கார்பன் இழை தன் நீளவாக்கில் வெப்பத்தை நன்றாகக் கடத்தும். ஆனால் இழைகளைப் பிணைக்கும் பிசின் அப்படிப்பட்டதன்று, சுற்றுக்குக் குறுக்காக வெப்பம் மெதுவாகவே வெளியேறுகிறது. மேலும் எஃகு சூடேறும்போது நீளும். கார்பன் இழை தன் நீளவாக்கில் ஏறத்தாழ நீளுவதே இல்லை. இந்த வேறுபாட்டை இழை சுற்றும் கோணத்தாலும் பிசினாலும் சமன்செய்வதில்தான் ஒரு தயாரிப்பாளரின் திறமை இருக்கிறது. அது சரியாக அமையாத பேரலில், சூடு ஏற ஏறக் குண்டுகள் ஒரு பக்கமாக நகர்ந்து விழும்.

விலையையும் இங்கேயே எடைபோடுங்கள். தொழிற்சாலைக் கார்பன் பேரல் ரைஃபிள்கள் ஏறத்தாழ 1,500 முதல் 2,500 டாலர் வரையில் கிடைக்கின்றன. புரூஃப் பேரலோடு வரும் சாவேஜ் 110 அல்ட்ராலைட், பி.எஸ்.எஃப். பேரலோடு வரும் ஸ்பிரிங்ஃபீல்டு 2020 வேபாயிண்ட் ஆகியவை இந்த வட்டத்தைச் சேர்ந்தவை. எஃகுப் பேரல் கொண்ட டிக்கா டி3எக்ஸ் லைட் அதில் பாதி விலைக்கே கிடைக்கும். மிச்சப் பணத்தில் நல்ல ஸ்கோப்பும் ஓராண்டுப் பயிற்சிக்கான தோட்டாக்களும் வாங்கலாம் என்றால், முதல் ரைஃபிளுக்கு நான் அந்த வழியையே சொல்வேன்.

5. நீளம், முறுக்கு, முகவாய்

நீளத்தை இப்போதே சரியாக முடிவு செய்யுங்கள், ஏனெனில் எஃகுப் பேரலைப் போலக் கார்பன் பேரலைப் பின்னால் உள்ளூர்ப் பட்டறையில் வெட்டிக் குறைக்க முடியாது. முனையில் இழைகளை முடித்துக் காக்கும் எஃகு வளையம் வெட்டினால் போய்விடும்.

சஃப்ரஸர் மாட்டுவதாக இருந்தால் 20 அல்லது 22 அங்குலம் போதும். அது மேலும் 6 முதல் 8 அங்குலம் சேர்ப்பதால், 24 அங்குலப் பேரல் புதர்க்காட்டில் ஒவ்வொரு கிளையிலும் சிக்கும். பேரலை ஓர் அங்குலம் குறைத்தால் குண்டின் வேகம் பொதுவாக நொடிக்கு 20 முதல் 30 அடி குறையும், 300 கெஜ வேட்டையில் இந்த இழப்பு பெரிதல்ல. சஃப்ரஸர் இல்லாமல் மேக்னம் (அதிக வெடிமருந்து கொண்ட) தோட்டா என்றால் 24 அங்குலம் வைத்துக்கொள்ளுங்கள்.

முறுக்கு என்பது வரிப்பள்ளம் எத்தனை அங்குலத்தில் ஒரு சுற்று முடிக்கிறது என்ற அளவு. நீண்ட, கனமான குண்டுகளுக்கு வேகமான முறுக்கு தேவை. 6.5 மற்றும் 7 மில்லிமீட்டர் தோட்டாக்களில் 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பதைத் தேடுங்கள். பழைய 270 வின்செஸ்டர் ரைஃபிள்களின் 10 அங்குல முறுக்கில் இன்றைய நீண்ட குண்டுகள் நிலைப்படுவதில்லை.

மஸில் பிரேக் (முகவாயில் திருகி, வாயுவைப் பக்கவாட்டில் திருப்பும் துணைக்கருவி) பின்னுதைப்பைக் கணிசமாகக் குறைக்கும், ஆனால் சத்தத்தைச் சுடுபவரின் பக்கமாகவே திருப்பிவிடும். வேட்டை ரைஃபிளின் ஓசை பிரேக் இல்லாமலேயே காதுக்குப் பாதுகாப்பான 140 டெசிபல் எல்லையைத் தாண்டிவிடுகிறது. காட்டில் அவசரமாகச் சுடும்போது காதடைப்பை மறப்பவர்கள் அதிகம். ஒரே ஒரு வெடிப்பால் இழந்த கேட்கும் திறன் திரும்பாமல் போகலாம். பிரேக் வைத்த ரைஃபிளை எடுத்தால், கழுத்தில் தொங்கும் மின்னணுக் காதுக்கவசத்தையும் அதே நாளில் வாங்குங்கள்.

6. ஸ்டாக் உடம்புக்குப் பொருந்த வேண்டும்

கடையில் காலணி வாங்குவதுபோல, ஸ்டாக்கையும், அதாவது பேரலைத் தாங்கித் தோளில் பதியும் கட்டையையும், உடம்பில் வைத்துத்தான் வாங்க வேண்டும். விசையிலிருந்து பின்முனை வரையிலான நீளம் பல ரைஃபிள்களில் 13.5 அங்குலத்தை ஒட்டியே வருகிறது. நம்மில் உயரம் குறைந்தவர்களுக்கு, அதிலும் குளிர்காலத்தின் தடித்த மேலாடையோடு, அது நீளமாகிவிடும். ஆகவே வேட்டைக்கு அணியப்போகும் அதே மேலாடையைப் போட்டுக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள்.

சோதனை எளிது. விற்பனையாளர் துப்பாக்கி காலி என்று காட்டிய பிறகு நீங்களும் சேம்பரை (தோட்டா அமரும் அறை) பார்த்து உறுதிசெய்யுங்கள். முகவாயைப் பாதுகாப்பான திசையில் வைத்து, கண்களை மூடி, ரைஃபிளைத் தோளுக்கு ஏற்றி, கன்னத்தை இயல்பாகச் சாய்த்துவிட்டுக் கண்ணைத் திறங்கள். ஸ்கோப்பில் முழு வட்டம் தெரிந்தால் ஸ்டாக் பொருந்துகிறது. கருநிழல் தெரிந்தாலோ கழுத்தை நீட்ட வேண்டியிருந்தாலோ பொருந்தவில்லை. கன்னம் பதியாத லேசான ரைஃபிள் சுடும்போது மேலே துள்ளி முகத்தில் அடிக்கும்.

7. வாங்கும் முன் கையில் எடுத்துப் பார்க்க வேண்டியவை

ஒரு டாலர் நோட்டை முகவாய்ப் பக்கத்திலிருந்து பேரலுக்கும் ஸ்டாக்குக்கும் இடையே நுழைத்து, ஆக்‌ஷன் (போல்ட் இயங்கும் உடற்பகுதி) வரை இழுத்துக்கொண்டே வாருங்கள். எங்கும் தடைபடக் கூடாது. கார்பன் பேரல் தடியாக இருப்பதால், மெல்லிய பேரலுக்காகச் செய்த ஸ்டாக்கில் அதை வைத்திருந்தால் பக்கவாட்டில் உரசும். உரசினால் ஒவ்வொரு சூட்டுக்கும் குண்டு விழும் இடம் மாறும். ஸ்டாக்கின் முன்பகுதியை விரல்களால் அழுத்திப் பிடித்துக்கொண்டும் ஒருமுறை நோட்டை இழுத்துப் பாருங்கள். முதுகுப்பையின்மேல் சாய்க்கும்போது அந்தப் பகுதி வளையும்.

அடுத்து, கைபேசி வெளிச்சத்தைச் சாய்வாக வைத்து, கார்பன் முடிந்து எஃகு வளையம் தொடங்கும் கோட்டைப் பாருங்கள். அங்கே மயிரிழை வெடிப்போ, பிசின் நிரம்பாத குழியோ, நகத்துக்குத் தட்டுப்படும் படியோ இருந்தால் வேறு ரைஃபிளைக் கேளுங்கள். வெளிப்புறச் சுருள் வடிவம் சீராக இல்லாமல் இருப்பது பெரும்பாலும் தோற்றக் குறை மட்டுமே.

போல்ட்டைச் சில முறை தூக்கி இழுத்துப் பாருங்கள். பாதுகாப்புப் பூட்டைப் போட்டதும் போல்ட் கைப்பிடியும் பூட்டப்படுகிறதா என்று கவனியுங்கள். புதரில் நடக்கும்போது கைப்பிடி கிளையில் பட்டு மேலே எழும்பிவிடும் ரைஃபிள்கள் உண்டு. அது தெரியாமல் விசையை இழுத்தால் வெடிக்காது. விசையை இழுக்கத் தேவையான பளு 2.5 முதல் 3 பவுண்டு வரை இருக்கட்டும். உறைந்த விரலுக்கும் கையுறைக்கும் அதைவிட லேசான விசை ஆபத்து.

8. ஸ்கோப் பொருத்துதல்

லேசான ரைஃபிள் கூர்மையாக உதைப்பதால் தளர்ந்த திருகுகள் விரைவில் காட்டிக்கொடுக்கும். திருகு விசையளவி (டார்க் ரெஞ்ச்) இல்லாமல் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். ரிங்குகளின் மேல்மூடித் திருகுகளுக்குப் பொதுவாக 15 முதல் 18 அங்குல-பவுண்டு. ஆக்‌ஷன் திருகுகளுக்கு ஸ்டாக் தயாரிப்பாளர் கையேட்டில் தந்த அளவு. கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் இடையே குறைந்தது மூன்றரை அங்குலம் விடுங்கள். மேட்டை நோக்கிச் சுடும்போது ஸ்கோப் புருவத்துக்கு மேலும் நெருங்கி வரும்.

9. ரேஞ்சில் சோதிக்கும் வரிசை

புதியவர்கள் மூன்று சூட்டுக் குரூப் (இலக்கில் விழுந்த குண்டுத் துளைகளின் தொகுப்பு) ஒன்றைப் படம் பிடித்து, ரைஃபிளின் தரம் இதுதான் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். மூன்று சூடு எப்போதும் உண்மையைவிடச் சிறிய குரூப்பையே காட்ட முனையும். பத்துச் சூடு வேண்டும், ஆனால் அவற்றை ஒரே மூச்சில் சுடக் கூடாது.

முதலில் 100 கெஜத்தில் ஜீரோவை, அதாவது குறிக்கோடு காட்டும் இடத்திலேயே குண்டு விழும் அமைப்பை, சரிசெய்யுங்கள். அடுத்து, குளிர்ந்த பேரலில் முதல் சூடு எங்கே விழுகிறது என்பதைத் தனித் தாளில் பதிவுசெய்யுங்கள். அடுத்தடுத்த முறை ரேஞ்சுக்கு வரும்போதும் அதே தாளில் முதல் சூட்டைச் சேர்த்துக்கொண்டே போங்கள். வேட்டையில் நீங்கள் சுடப்போவது அந்தக் குளிர்ந்த முதல் சூட்டைத்தான் என்பதால், இந்தத் தாள் மற்ற எல்லாத் தாள்களையும்விட மதிப்புள்ளது. மூன்றாவதாக, ஐந்து சூடுகளை இடைவிடாமல் சுட்டு, அவை வரிசையாக ஒரு திசையில் நகர்கின்றனவா என்று பாருங்கள். நகர்ந்தால், உரசலும் திருகுகளும் சரியாக இருந்தால், அது பேரலின் குறை. உத்தரவாதத்தில் திருப்பி அனுப்புங்கள்.

இந்தப் படியில் அடிக்கடி காணும் தவறு ஒன்று உண்டு. ஐந்து சூடு முடிந்ததும் சுட்டவர் பேரலின்மேல் உள்ளங்கையை வைக்கிறார், கார்பன் வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது, ஆறிவிட்டது என்று நினைத்து மேலும் ஐந்தைச் சுடுகிறார். வெளியே கார்பன் வெப்பத்தை மறைக்கிறதே தவிர, உள்ளே எஃகு கொதித்துக்கொண்டிருக்கிறது. கார்பன் இல்லாத இடத்தில், அதாவது ஆக்‌ஷனை ஒட்டிய எஃகுப் பகுதியில் எச்சரிக்கையாகத் தொட்டுப் பாருங்கள். போல்ட்டைத் திறந்து வைத்து, சூட்டுத் தொகுப்புகளுக்கு இடையே பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள்.

100 கெஜத்தில் பத்துச் சூடும் ஒன்றரை அங்குல வட்டத்துக்குள் அடங்கினால் ரைஃபிள் போதுமான அளவு துல்லியமானது. மியூல் மானின் உயிர்ப்பகுதி ஏறத்தாழ 8 அங்குல அகலம், எல்க்குடையது அதைவிடப் பெரியது. இதற்குப் பிறகு மேசையை விட்டு எழுந்து, முதுகுப்பையின்மேல் படுத்தும், உட்கார்ந்தும் சுட்டுப் பழகுங்கள். கனமான ரைஃபிளைத் தளர்வாக விட்டுச் சுடுவதுபோல லேசானதைச் சுட முடியாது. முன்கையால் ஸ்டாக்கின் முன்பகுதியை உறுதியாகப் பிடித்து, தோளுக்குள் இழுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

10. பராமரிப்பும் பயணமும்

மஸில் பிரேக்கைக் கழற்றும்போது கார்பன் பகுதியை வைஸில் (மேசைப் பற்றுக்கருவி) இறுக்காதீர்கள்; ஆக்‌ஷனைப் பிடிக்கும் வைஸையோ, முனையில் உள்ள எஃகு வளையத்தையோ பயன்படுத்துங்கள். இறுகிய திருகைத் தளர்த்த வெப்பக் காற்றுத் துப்பாக்கியை நீட்டுவதும் வேண்டாம், பிசின் இளகிவிடும். துளையில் படியும் செம்பை நீக்கும் கரைசல் வெளியே வழிந்தால் உடனே துடைத்துவிடுங்கள்.

விமானத்தில் செல்வதாக இருந்தால், ரைஃபிளைத் தோட்டா நீக்கி, பூட்டிய கெட்டிப் பெட்டியில் வைத்து, விமான நிறுவனத்திடம் அறிவித்து, சரக்குப் பெட்டியாகவே அனுப்ப வேண்டும். தோட்டாக்களுக்குப் பெரும்பாலான நிறுவனங்கள் 5 கிலோ வரை அனுமதிக்கின்றன. இறங்கியதும், வேட்டை தொடங்கும் முன் ஜீரோவைச் சரிபாருங்கள். பெட்டி அடிபட்டிருக்கலாம், அதோடு உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவதால் தொலைவில் குண்டு விழும் இடமும் சற்று மேலே நகரும். ரேஞ்சில் பயன்படுத்திய அதே உற்பத்தித் தொகுதி எண் கொண்ட தோட்டாக்களில் இரண்டு பெட்டியை இதற்காகவே முன்கூட்டி ஒதுக்கி வையுங்கள், ஏனெனில் தொகுதி மாறினால் அதே பெயருள்ள தோட்டாவும் வேறு இடத்தில் விழக்கூடும்.